பித்தளை ஃபில்டர் வாங்கியும் காபி தண்ணியாக இருப்பது ஏன்?

தஞ்சாவூரில் புதுக்குடித்தனம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கும்பகோணம் போகும்போதெல்லாம் ஒரு கிலோ காபிப் பொடி வாங்கி வருகிறார்கள். 60 பங்கு காபிக்கு 40 பங்கு சிக்கரி. ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறார்கள், இரண்டு மாதம் வருகிறது. ஆசையாக ஒரு பித்தளை ஃபில்டரும் வாங்கியாயிற்று. ராத்திரி பத்து மணிக்கே டிகாக்‌ஷன் போட்டு வைத்துவிடுகிறார்கள். கேன் தண்ணீர், பாக்கெட் பால். கணவன் மனைவி இருவருக்கும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இத்தனை செய்தும் காபி தண்ணியாக இருக்கிறது, போதாக்குறைக்குக் கசக்கவும் செய்கிறது. எங்கே தப்பு?

மாயவரத்தில் ஒரு காபிப் பொடிக் கடையில் வறுவல் மிஷின் பக்கத்தில் 22 வருஷம் நின்றவன் நான். அந்த ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 கிராம் 60 நாள் வருகிறது என்றால் ஒரு நாளைக்கு 17 கிராம்கூட இல்லை. அதில் நாலு காபி. ஆக ஒரு காபிக்கு 4 கிராம் சொச்சம். அந்த 4 கிராமிலும் நூற்றுக்கு நாற்பது சிக்கரி. கடைசியில் உங்கள் டம்ளருக்குள் வந்து சேர்கிற காபிக்கொட்டை வெறும் இரண்டரை கிராம். இதை வைத்துக்கொண்டு பித்தளை என்ன, தங்கத்தில் ஃபில்டர் வாங்கினாலும் கழனித்தண்ணிதான் இறங்கும்.

தண்ணியாகவும் இருக்கிறது, கசக்கவும் செய்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று நிறையப் பேர் குழம்புவார்கள். கடைக்கு வந்து பொடியைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். தேங்காய்ப்பால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பால் கெட்டியாக, இனிப்பாக வரும். இரண்டாம் பால் பரவாயில்லை. மூன்றாவது தடவையும் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் வருவது பால் இல்லை, சக்கையின் ருசி. காபியும் அதே கதைதான். வாசமும் லேசான புளிப்பும் இனிப்பும் முதலில் கரைந்து இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் மெதுவாக, பின்னால் வரும். கொஞ்சம் பொடி போட்டு அதன் தலையில் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றினால், நல்லதெல்லாம் முதல் கால் டம்ளரிலேயே இறங்கி முடிந்துவிடும். மீதித் தண்ணீர் சக்கையைத்தான் கசக்கிப் பிழிந்துகொண்டு வரும். அதனால் காபி கசக்கிறதே என்று பொடியைக் குறைக்காதீர்கள். பொடியைக் கூட்டித் தண்ணீரைக் குறையுங்கள்.

எவ்வளவு? ஒரு காபிக்கு 10 கிராம். இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி, 110 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கீழே விடும். ஆகவே கையில் கிடைப்பது 70 மில்லி டிகாக்‌ஷன், ஆளுக்கு 35. அதன்மேல் 100 மில்லி பால். இந்த அளவில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒருத்தர் வீட்டுக் கரண்டி இன்னொருத்தர் வீட்டில் அகப்பை. சமையலறைத் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. ஒருமுறை 20 கிராம் நிறுத்து, உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை வருகிறது என்று பார்த்துவிட்டால் தராசைப் பரணில் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கில் பொடிச் செலவு கூடும், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 40 கிராம், கால் கிலோ ஆறு நாள்தான் வரும். ஆனால் அது ஒரு நல்ல விஷயத்துக்கும் வழி செய்கிறது. பொடி பழசாக நேரமே இருக்காது.

பொடி பழசாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அது என் தொழில். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். கொட்டையாக இருக்கிறவரை அது மெதுவாக வெளியேறும், வாசத்தையும் ஓரளவு காப்பாற்றும். அரைத்த நிமிஷத்தில் காற்று படுகிற பரப்பு பல மடங்காகி, எல்லாம் கூட்டத்தோடு கிளம்பிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் கடை மிஷின் ஓட ஆரம்பித்தால் தெருக்கோடி வரை மணக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் "ஆஹா!" என்பார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும்: தெருவில் போகிற வாசமெல்லாம் பொடியை விட்டுப் போன வாசம்தானே. ஊருக்கு இலவசம், வாங்குகிறவருக்கு நஷ்டம்.

அரைத்த பொடியைக் காற்றுப் புகாமல் வைத்தால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அதற்குமேல் காபி கெட்டுப்போகாது, குடிக்கலாம், வாசம் மட்டும் இருக்காது. நீங்கள் இரண்டு மாதம் வைத்துக் குடிக்கிறீர்கள். அதுவும் ஃபிரிட்ஜில். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் நம் ஊர்க் காற்றின் ஈரம் பொடியின்மேல் படியும். ஈரம் ஏறினால் முதலில் கட்டி தட்டுவது சிக்கரிதான். போதாததற்குப் பக்கத்தில் தோசை மாவு, உரித்த பூண்டு, நேற்றைய குழம்பு. வாசத்தைப் பிடித்துக்கொள்வதில் காபிப் பொடிக்கு இணை கிடையாது. இறுக மூடுகிற சின்ன எவர்சில்வர் டப்பா, அடுப்புக்குத் தள்ளி ஒரு அலமாரி, ஈரமில்லாத கரண்டி. இவ்வளவு போதும்.

கடையில் இன்னொன்றும் கவனியுங்கள். அரைத்துச் சூடாக விழுகிற பொடியை அப்படியே கவரில் போட்டு ஒட்டித் தரச் சொல்லி நிறையப் பேர் அவசரப்படுவார்கள். சூடாக இருந்தால்தான் புதுசு என்று ஒரு நினைப்பு. சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும், கவரும் உப்பிக்கொள்ளும். தட்டில் கொட்டி ஐந்து நிமிஷம் ஆறவிட்டுத் தரச் சொல்லுங்கள். நான் சொன்னால் "கடைக்காரன் இழுத்தடிக்கிறான்" என்பார்கள். நீங்களே கேட்டால் உங்களுக்கு மரியாதை.

சரி, சிக்கரி. அது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, அரைப்பது. அதில் காஃபின் கிடையாது. நிறம் கொடுக்கும், கெட்டி கொடுக்கும், ஒரு வெல்லக் கசப்பு கொடுக்கும். தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்வதால் டிகாக்‌ஷனையும் நிதானமாக இறக்கும். காபிக்கொட்டையைவிட அது அதிகமாகக் கரையும் என்பதால் கொஞ்சம் போட்டாலே டிகாக்‌ஷன் கறுப்பாகத் தெரியும். உங்களை ஏமாற்றியது அந்தக் கறுப்புத்தான். சட்டப்படி சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும். அதாவது 49 வரை சிக்கரி போட்டுவிட்டுக் காபிப் பொடி வியாபாரம் செய்யலாம். சிக்கரியே ஆகாது என்கிற கட்சி இல்லை நான். பால் காபிக்கு அது ஒரு பதம் தருகிறது. 80க்கு 20 வாங்குங்கள், பிடித்தால் 85க்கு 15. அதற்கும் கீழே போனால், சிக்கரி செய்த தடுப்பு வேலையைச் செய்ய ஆளில்லாமல் தண்ணீர் சடசடவென்று இறங்கிவிடும். அப்போது பொடியை ஒரு சுற்று நைசாக அரைக்கச் சொல்ல வேண்டும்.

கொட்டை விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. பீபெரி என்றால் உசத்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டை இருக்கும். சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி. உருண்டை என்பதால் வறுக்கும்போது உருண்டு சமமாகச் சிவக்கும், எங்களுக்கு வேலை சுலபம். பிளாண்டேஷன் ஏ என்கிற பெரிய கொட்டை அரபிகா ரகமும் பீபெரியும் பாதிப் பாதி என்பது நம் பக்கத்துப் பழைய கலவை, தாராளமாக வாங்கலாம். காபியில் இன்னொரு வகையான ரொபஸ்டா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அரபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின் அதில் உண்டு. நாலில் ஒரு பங்கு சேர்த்தால் பாலை எதிர்த்து நிற்கும்.

கும்பகோணம் என்கிற பெயருக்காக நீங்கள் பஸ் ஏறிப் போவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் காபிச் செடியே கிடையாது. நம்முடையது நெல்லும் வாழையும் கரும்பும். கொட்டை குடகு, சிக்மகளூர், ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை என்று மலைகளிலிருந்து வருகிறது. சிக்கரி குஜராத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிறது. காபி வருவதற்கு முன்னால் நம் கொள்ளுத் தாத்தாக்கள் காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள். பிறகு கும்பகோணத்துக்கு எங்கிருந்து வந்தது பெயர்? பாலிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் வந்தது என்பது என் அபிப்பிராயம். பசும்பால் காபி என்று போர்டு போட்டு, கறந்த பாலை உடனுக்குடன் காய்ச்சி ஊற்றினார்கள். கோயிலுக்கு வருகிற கூட்டம் ஓயாது. டிகாக்‌ஷன் இறங்க இறங்கத் தீர்ந்துகொண்டே இருக்கும். பொடி, டிகாக்‌ஷன், பால் எதுவுமே அங்கே காத்திருக்காது, வருகிறவர்தான் காத்திருப்பார். உங்கள் வீட்டில் பொடி இரண்டு மாதம் காத்திருக்கிறது, டிகாக்‌ஷன் ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறது. வித்தியாசம் அங்கேதான். நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டவராவை அடுக்கி வைத்துக்கொண்டு கும்பகோணம் டிகிரி காபி விற்கிறார்களே, அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நீங்களும் ஃபில்டர் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பித்தளைக்கென்று தனி ருசி ஒன்றும் இல்லை.

ருசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உபத்திரவம் இருக்கிறது. ஃபில்டரின் உள்பக்கம் வெள்ளையாக ஈயம் பூசியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் அதில் டிகாக்‌ஷன் போடாதீர்கள். காபியில் புளிப்பு உண்டு, ராத்திரி முழுக்கக் கிடந்தால் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்த்து ஷெல்ஃபில் அழகுக்கு வையுங்கள். இல்லையென்றால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து வாங்குங்கள். எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று, இரண்டு பேருக்கான சின்ன அளவில், போதும். ஆறு பேருக்கான ஃபில்டரில் இரண்டு பேருக்குப் போட்டால் பொடி அடியில் மெல்லிசாகப் பரவிவிடும், தண்ணீர் அதைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும்.

ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிஷம் காட்டினால் போதும், உள்ளே பிடித்த பிசுக்கு கருகி உதிரும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையும் நட்சத்திரம் மாதிரித் தெரிய வேண்டும். இந்த வித்தையை ஈயம் பூசிய பித்தளையில் செய்துவிடாதீர்கள். ஈயம் என்று நாம் சொல்கிற அந்த வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

இப்போது போடுகிற விதம். மேல் பாத்திரம் துளி ஈரமில்லாமல் இருக்கட்டும். 20 கிராம் பொடியைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் சமமாகிவிடும். குடை மாதிரி இருக்கும் தட்டை மேலே வையுங்கள், வைத்தால் போதும். கட்டை விரலால் அழுத்தித் திருகுகிற பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. அழுத்தினால் ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தண்ணீர் ஓரமாக ஒரு வழி கண்டுபிடித்து ஓடி, நடுவில் இருக்கிற பொடி நனையாமலே கிடக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடுங்கள். முதலில் சுமார் 30 மில்லி சுற்றிவர ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். பொடி புதுசாக இருந்தால் தட்டைச் சுற்றிக் குமிழ் விட்டு நுரைத்து மேலே எழும்பும். அடைபட்ட வாயு வெளியே வருவதுதான் அது. எழும்பவே இல்லையென்றால் பொடி பழசு, வேறு பரிசோதனை வேண்டாம். அரை நிமிஷம் கழித்து மீதி 80 மில்லியை ஊற்றி மூடிவிடுங்கள்.

பதினைந்து இருபது நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டால் பொடி கரகரப்பு. முக்கால் மணியாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் பொடி மாவாக அரைபட்டிருக்கிறது, அல்லது அழுத்தியிருக்கிறீர்கள். சில சமயம் இரண்டுமே இல்லாமல் நடுவில் நின்றுவிடும். என் மனைவி கல்யாணமான புதிதில் இதற்காகவே தினம் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருப்பாள், நான் கடையில் நைசாக அரைத்துக் கொடுத்துவிட்டேன் என்று திட்டும் சேர்ந்து விழும். விஷயம் பொடியில் இல்லை. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் இறுக உட்கார்ந்துகொண்டால் கீழே இருக்கிற காற்று வெளியேற வழியில்லை. காற்று போனால்தானே டிகாக்‌ஷன் இறங்க இடம் கிடைக்கும்? மேல் பாத்திரத்தை லேசாகத் திருகி, நூலளவு தூக்கி, மறுபடி வைத்தால் சொட்டுச் சத்தம் உடனே கேட்கும்.

ராத்திரியே போட்டு வைக்காதீர்கள். இறங்கிய டிகாக்‌ஷன் மூன்று நாலு மணி நேரம் நிற்கும், அதற்குமேல் புளிப்பும் ஒரு காறலும் தட்ட ஆரம்பிக்கும், சித்திரை வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். காலையில் எழுந்ததும் ஃபில்டரைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு உள்ளே வந்தால் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். அந்தக் காலத்து வீட்டு ஒழுங்கே அப்படித்தான் இருந்தது. ஆறிவிட்டதென்று டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்க வேண்டாம், வாசம் முழுக்கப் போய்விடும். கிண்ணத்தோடு வெந்நீரில் இரண்டு நிமிஷம் வையுங்கள். இரண்டாம் டிகாக்‌ஷனும் வேண்டாம். பத்துப் பேர் இருந்த வீட்டில், பெரியவர்களுக்கு முதல் டிகாக்‌ஷன், பிள்ளைகளுக்கு இரண்டாவது என்று ஏற்பட்ட வழக்கம் அது. இரண்டு பேருக்கு எதற்கு?

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புத் தண்ணீரில் காபி சப்பென்றுதான் வரும். கொள்ளிடத்துக் குடிநீர் வருகிற ஊரில் அதுவே நல்லது. கேன் தண்ணீரில் உப்பையெல்லாம் ஒரேயடியாக எடுத்துவிடுவதால் காபி மொட்டையாக இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியாது என்றால் அதையே காய்ச்சிப் பயன்படுத்துங்கள், அல்லது கேன் தண்ணீரில் பாதி கலந்துகொள்ளுங்கள்.

பாலுக்கு வருவோம். டிகிரி காபி என்ற பேரே பாலால் வந்தது என்பார்கள். பால்மானியை விட்டுப் பார்த்து, டிகிரி சரியாக நின்றால்தான் அந்தப் பாலில் காபி. சிக்கரி என்பதுதான் மருவி டிகிரி ஆனது என்று வாதாடுகிறவர்களும் உண்டு, கும்பகோணத்துக்காரர் எதிரில் சொல்லிப் பாருங்கள். பால்மானியும் தெய்வம் இல்லை. அது அளப்பது அடர்த்தியை. தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும், வெண்ணெயை எடுத்தால் கூடும். இரண்டையும் சேர்த்துச் செய்கிற பால்காரரிடம் பால்மானி தோற்றுப்போகும்.

பாக்கெட் பால் என்றால் உறையில் கொழுப்புச் சதவீதம் போட்டிருக்கும். சமன்படுத்திய பாலில் 3, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்பில் 6. காபிக்கு நடுவில் உள்ளதுதான் என் தேர்வு. 6 சதவீதம் நாக்கில் மெழுகு மாதிரிப் படிந்து காபியை மறைத்துவிடும், எருமைப் பாலிலும் அதே சங்கடம். எந்தப் பாலானாலும் சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், காபி போடுகிற அந்த நேரத்துக்குக் காய்ச்சி, முதல் பொங்கலில் இறக்கிவிடுங்கள். காலையில் காய்ச்சிய பாலைச் சாயங்காலம் மறுபடி கொதிக்க வைத்தால் திரட்டுப்பால் வாசம் வந்துவிடும். பாக்கெட்டை இரண்டு வேளைக்கு இரண்டாக வாங்கி, சாயங்காலத்து உறையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இதற்குத்தான்.

டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் டிகாக்‌ஷன், அதன்மேல் பொங்கின பால் உயரத்திலிருந்து. டவராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு தடவை ஆற்றினால் சர்க்கரை கரையும், நுரை கட்டும், உதடு வைக்கிற சூட்டுக்கு வரும். முழம் முழமாகப் பத்துத் தடவை ஆற்றுவது பார்க்கிறவர்களுக்கு. குடிக்கிறவருக்கு ஆறின காபி. நிறம் நாட்டுச் செங்கல் நிறத்தில், சர்க்கரை போட்டும் அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றால் கள்ளிச்சொட்டுக் காபி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது அதைத்தான்.

ஆகவே அடுத்த வாரம் கும்பகோணம் போக வேண்டாம். தஞ்சாவூரிலேயே கண்ணெதிரில் வறுத்து அரைக்கிற கடை ஒன்றைப் பார்த்து, 80க்கு 20, கால் கிலோ மட்டும் வாங்குங்கள். ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கிற பழைய பொடியை என்ன செய்வதென்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கிண்ணத்தில் கொட்டி, மூடாமல் அதே ஃபிரிட்ஜ் மூலையில் வைத்துவிடுங்கள், பூண்டு வாசத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். இத்தனை நாளும் அது அங்கே அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.